ஒரே ஈத்து, இரண்டு குணம்: நாய்க்கு ரத்தமா, வளர்ப்பா?

கப்பலூர்க்காரன் (திருமங்கலம்)

வணக்கம். நாட்டு நாய் வளர்க்கிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பதால் கேட்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் கள்ளிக்குடி பக்கம் ஒரு தோட்டத்தில் சிப்பிப்பாறை நாய் 6 குட்டி போட்டது. 45-ஆம் நாள் செவலைப் பொட்டையை நான் தூக்கி வந்தேன். அதே நாளில் சாம்பல் நிறக் கடுவனை என் பெரியப்பா மகன் கொண்டுபோனார். என் குட்டி வீட்டுக்குள்ளேயே வளர்ந்தது. பிள்ளைகளோடு படுத்தது, கடைத்தெருவுக்கு வந்தது, பஸ் ஹாரனைக் கேட்டுக்கொண்டே தூங்கும். அண்ணன் வீட்டுக் குட்டியை ராத்திரி பகல் மோட்டார் ரூமிலேயே கட்டிப்போட்டு வளர்த்தார்கள். சோற்றைத் தட்டில் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்திவிடுவார்கள். குட்டி திருட்டுப் போய்விடும் என்ற பயம் அவர்களுக்கு. ஆறேழு மாதம் இப்படியே போனது. அண்ணன் வேலைக்கு வெளியூர் போனதால் அந்த நாயும் இப்போது என்னிடம் வந்துவிட்டது.

வந்து மூன்று வாரமாகிறது. மாட்டுக்கொட்டகை மூலையை விட்டு நகர மறுக்கிறது. நான் நின்றால் நடுங்குகிறது, கையை நீட்டினால் மூத்திரம் போய்விடுகிறது. போன வாரம் எங்கள் அத்தை, "என்னடா இப்படிப் பயப்படுற" என்று பாசமாகக் குனிந்து தலையைத் தடவப் போனார். பின்னால் சுவர், போக வழியில்லை. வெடுக்கென்று கையைப் பிடித்துவிட்டது. லேசான கீறல்தான். அன்றிலிருந்து வீட்டில் ஒரே பேச்சு: ரத்தம் சரியில்லை, கொண்டுபோய் விட்டுவிட்டு வா.

செவலையும் சும்மா இல்லை. ஆள் என்றால் உயிரை விடும், கோழி என்றால் கொலைதான். பக்கத்து வீட்டில் இரண்டு சேவலுக்குப் பணம் கொடுத்திருக்கிறேன். அதை வேட்டைக்கு யாரும் பழக்கவில்லை, முயலை அது பார்த்ததுகூட இல்லை.

ஒரே தாய், ஒரே தகப்பன். ஒன்று பயந்து சாகிறது, ஒன்று கோழியைக் கொல்கிறது. இதில் எது ரத்தம், எது வளர்ப்பு?


கோம்பைக்காரன் (உத்தமபாளையம்)

தம்பி, 30 வருடமாகக் கோம்பை நாய் வைத்திருக்கிறேன். என் அனுபவத்தைச் சொல்கிறேன். குட்டி எடுக்கப் போனால் நான் குட்டியைப் பார்க்க மாட்டேன், தாயைத்தான் பார்ப்பேன். அந்நிய ஆள் வந்ததும் தாய் குட்டிகளை விட்டுவிட்டுக் கட்டிலுக்கு அடியில் ஓடினால் அந்த ஈத்தில் ஒரு குட்டியும் எடுக்க மாட்டேன், சும்மா கொடுத்தாலும் வேண்டாம். சுரை விதை போட்டால் அவரையா முளைக்கும்?

எங்கள் கோம்பைக் குட்டி மூன்றாம் மாதமே வாசலில் படுத்துக்கொள்ளும், தெரியாத கால்சத்தத்துக்கு முதுகு மயிர் நட்டுக்கொண்டு நிற்கும். யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. உங்கள் கடுவனுடைய தாய் எப்படி என்று முதலில் விசாரியுங்கள்.


செல்லூர் அக்கா (மதுரை)

அண்ணே, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன், ஆனால் இதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. வைகைக் கரையோரம் 12 வருடமாகத் தெருநாய்களுக்குச் சோறு வைக்கிறேன், கருத்தடைக்குப் பிடித்துக் கொடுக்கவும் போவேன். நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

தைக்கால் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு தாய் 5 குட்டி போட்டது. ஒரு மாதம் ஆனபோது இரண்டை டீக்கடைக்காரர் எடுத்து வளர்த்தார். மூன்று குட்டிகள் கரையில் முள்ளுக்குள்ளேயே வளர்ந்தன. இன்றைக்கு டீக்கடை நாய்கள் வருகிறவர் போகிறவர் காலையெல்லாம் நக்கும். முள்ளுக்குள் வளர்ந்த மூன்றும் ஒரு வருடமாக நான் சோறு வைத்தும் பத்தடிக்குள் வந்ததில்லை. நான் தட்டை வைத்துவிட்டுத் திரும்பி நடந்த பிறகுதான் வந்து தின்னும். தாய் ஒன்றுதானே? அங்கே ரத்தம் எங்கே போயிற்று?

தம்பி, அந்தக் கடுவனைத் தயவுசெய்து எங்கேயும் கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். மோட்டார் ரூமில் வளர்ந்த நாய் ரோட்டில் ஒரு வாரம் தாங்காது.


பழைய கால்நடை டாக்டர் (மதுரை)

முதலில் அத்தையைப் பற்றி. கீறல் லேசோ ஆழமோ, பல் பட்டிருந்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவியிருக்க வேண்டும். அந்த நாய்க்கு ரேபிஸ் தடுப்பூசி போட்டார்களா என்பதே உங்களுக்குத் தெரிந்திருக்காது. அத்தையை இன்றைக்கே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போய் ஊசியைத் தொடங்குங்கள். ஒரு வாரம் ஆகிவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள். ரத்தம் வந்திருந்தால் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலினும் தேவைப்படும், அதையும் அவர்களிடம் சொல்லுங்கள். இதைச் செய்துவிட்டு வந்து மற்றதைப் படியுங்கள்.

இனி நாய். அக்கா பார்த்த அந்த வைகைக் கரைக் குட்டிகளைப் போலவே ஒரு சோதனை அமெரிக்காவில் நடந்திருக்கிறது. 1961-இல் வெளியானது. உயரமான வேலி போட்ட வயலில், மனிதர் கண்ணிலேயே படாமல் நாய்க்குட்டிகளை வளர்த்தார்கள். சில குட்டிகளை 2-ஆம் வாரத்தில், சிலவற்றை 3, 5, 7, 9 வாரங்களில் எடுத்து ஒரே ஒரு வாரம் மட்டும் ஆட்களோடு விளையாட விட்டுத் திரும்ப வயலில் விட்டார்கள். மீதிக் குட்டிகளை 14 வாரம் வரை தொடவே இல்லை. அந்த ஒரு வாரம் கிடைத்த குட்டிகள், அதிலும் 5-லிருந்து 9 வாரத்துக்குள் கிடைத்தவை, பின்னாளில் மனிதரிடம் நன்றாக ஒட்டிக்கொண்டன. 14 வாரம் வரை தொடப்படாத குட்டிகள் காட்டு விலங்கு போலவே நின்றுவிட்டன.

ஏன் இப்படி என்றால், மூன்றாவது வாரத்தில்தான் குட்டியின் காதும் கண்ணும் சரியாக வேலை செய்யத் தொடங்குகின்றன. அப்போது அதற்குப் பயம் இன்னும் முளைக்கவில்லை. எது வந்தாலும் தத்தித் தத்திப் போய் மோந்து பார்க்கும். ஏழெட்டு வாரத்துக்குப் பிறகு புதியதைக் கண்டால் பின்வாங்குவது ஏறிக்கொண்டே வரும். 12 வாரம் வாக்கில் கதவு பாதி சாத்தியாகிவிடும். அதற்குள் பார்த்துப் பழகியது எல்லாம் அதன் உலகம். பார்க்காதது எல்லாம் ஆபத்து.

உங்கள் கடுவன் 45-ஆம் நாள் மோட்டார் ரூமுக்குள் போயிருக்கிறது. அதாவது ஆறரை வாரம். மீதி ஐந்தரை வாரத்தை அது மோட்டார் சத்தத்தோடும் சாத்தின கதவோடும் கழித்திருக்கிறது. அத்தையின் கை அதற்குத் தெரியாத பொருள். கோபத்தில் கடிக்கவில்லை, தப்பிக்க வழியில்லாததால் கடித்திருக்கிறது.

கோம்பைக்காரர் சொல்வதையும் நான் தள்ளவில்லை. தாயைப் பார்த்து எடு என்பது நல்ல புத்திமதி. ஆனால் பயந்த தாய் இரண்டு வழியில் பயத்தைக் கொடுக்கிறது. ஒன்று மரபணு வழியாக. இன்னொன்று, ஆள் வந்தபோதெல்லாம் அது குரைத்துக்கொண்டு ஓட, குட்டிகளும் பார்த்துக் கூடவே ஓடிப் பழகும். தாயையும் குட்டியையும் சேர்த்தே பார்க்கிற நமக்கு இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது.


கோம்பைக்காரன் (உத்தமபாளையம்)

டாக்டர் சார், பிரிக்க முடியாது என்றால் எப்படி? பிரித்துப் பார்த்தவர்களே இல்லையா?


பழைய கால்நடை டாக்டர் (மதுரை)

இருக்கிறார்கள், நாயில் இல்லை, நரியில். ரஷ்யாவில் நோவோசிபிர்ஸ்க் ஊரில் திமித்ரி பெல்யாயேவ் என்ற மரபியல் அறிஞர் 1959-இல் தொடங்கினார். ரோமத்துக்காகப் பண்ணையில் வளர்க்கிற நரிகளில், மனிதர் கிட்டே போனால் குறைவாகச் சீறுகிறவற்றை மட்டும் தேர்ந்து ஜோடி சேர்த்தார். வேறு எதையும் பார்க்கவில்லை. சில தலைமுறைகளிலேயே வாலை ஆட்டிக்கொண்டு கையை நக்குகிற குட்டிகள் பிறந்தன. இன்னொரு பக்கம் முரட்டு நரிகளைத் தேர்ந்து தனி வரிசை வைத்தார்கள். அவரோடு வேலை பார்த்த லுத்மிலா த்ரூத் ஒரு காரியம் செய்தார். சாதுவான வரிசைக் கருவை முரட்டுத் தாயின் வயிற்றிலும், முரட்டு வரிசைக் கருவைச் சாதுவான தாயின் வயிற்றிலும் மாற்றி வைத்தார். பிறந்த குட்டிகள் வளர்த்த தாயின் குணத்தைக் காட்டவில்லை, தங்கள் வரிசையின் குணத்தைத்தான் காட்டின.

ஆக ரத்தம் உண்டு. அதில் சந்தேகமே வேண்டாம்.


கிடைக்காரர் மகன் (மேலூர்)

இவ்வளவு படிப்பு எனக்குக் கிடையாது. எங்கள் தாத்தா கீதாரி. இராமநாதபுரம் பக்கமிருந்து ஆடு ஓட்டிக்கொண்டு வந்து, அறுவடை முடிந்த வயலில் கிடை போடுவோம். நான் சின்ன வயதில் பள்ளிக்கூட லீவில் கூடப் போவேன். அந்தக் கோழி விஷயத்துக்கு மட்டும் ஒன்று சொல்ல வேண்டும்.

கிடை நாய்க்கு நாங்கள் சாதி பார்த்ததே இல்லை. ஊர் நாய்தான். ஆனால் குட்டியைக் கண் திறந்த கொஞ்ச நாளிலேயே கொண்டுவந்துவிடுவார் தாத்தா. பகலில் பெரிய ஆடுகள் மேய்ச்சலுக்குப் போனதும் ஆட்டுக்குட்டிகளை மூங்கில் கூட்டைக் கவிழ்த்து உள்ளே விட்டிருப்போம். நாய்க்குட்டியையும் அதற்குள்ளேயே விட்டுவிடுவார். அது ஆட்டுக்குட்டி மேலேயே ஏறிப் படுத்துத் தூங்கும், ஆட்டுக்குட்டி அதன் காதைச் சப்பும். கொஞ்சம் வளர்ந்து விளையாட்டுக்கு ஒரு குட்டியைத் துரத்தினால் தாத்தா கத்த மாட்டார். எழுந்து போய்க் கழுத்தைப் பிடித்துத் தூக்கித் தள்ளி உட்கார வைப்பார், அவ்வளவுதான். நூறு தடவை துரத்தினாலும் நூறு தடவை எழுந்து போவார்.

ஒருநாள் ராத்திரி நான் பார்த்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. நல்ல பனி. ஒரு ஆடு குட்டி போட்டுக்கொண்டிருந்தது. எங்கள் கறுப்பி ரெண்டடி தள்ளிப் படுத்திருந்தது. குட்டி ஈரத்தோடு கீழே விழுந்து துடிக்கிறது, ரத்த வாடை அடிக்கிறது. கறுப்பி எழுந்திருக்கவில்லை. மூக்கு மட்டும் அசைந்தது. தூரத்தில் ஒரு நரி ஊளையிட்டதும்தான் எழுந்து, ஆட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருட்டைப் பார்த்து நின்றது.

அந்த நாயின் அண்ணன் தம்பிகள் ஊரில் கோழி பிடித்து அடிவாங்கினவை. கறுப்பி கடைசிவரை ஒரு குட்டியைப் பல்லால் தொட்டதில்லை.

ஆனால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வருடம் யாரோ ஒரு கன்னி இன நாய்க்குட்டியைக் கொடுத்தார்கள். அதையும் அதே கூட்டில்தான் வளர்த்தார் தாத்தா. ஆட்டைக் கடிக்கவில்லை, ஆனால் ஆடு ஓடினால் அதால் நிற்க முடியாது. ஓடுகிற ஆட்டுக்குப் பின்னால் அதுவும் பறக்கும். ஆடுகள் மிரண்டு சிதறும். "இது கண்ணாலே ஓடுற நாய்டா, கிடைக்கு ஆகாது" என்று ஒரு வருடத்தில் கொடுத்துவிட்டார்.


பழைய கால்நடை டாக்டர் (மதுரை)

தம்பி, உங்கள் தாத்தா ஒரே வரியில் சொன்னதை நாங்கள் பக்கம் பக்கமாகப் படித்தோம். வேட்டை என்பது ஒரு சங்கிலி: கண்ணை நாட்டுதல், பதுங்குதல், துரத்துதல், கவ்வுதல், கொல்லுதல், கிழித்துத் தின்னுதல். மனிதர்கள் தலைமுறை தலைமுறையாக ஒவ்வொரு இனத்திலும் இந்தச் சங்கிலியின் வேறு வேறு கண்ணியைத் தடிமனாக்கினார்கள். ஆடு மேய்க்கிற பார்டர் கோலி நாய் பதுங்கும், துரத்தும், கவ்வாது. ஐரோப்பாவின் ஆட்டுக்காவல் நாய்களில் சங்கிலி முழுவதுமே மெலிந்துவிட்டது. சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் எல்லாம் துரத்துவதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. துரத்துவதே அவற்றுக்குக் கூலி. தின்பதற்குக் கோழி தேவையில்லை, ஓடுகிற கோழி இருந்தால் போதும். கோழியைக் கொன்ற பிறகு அடிப்பதால் துளியும் பயனில்லை, அது தன் கூலியை அப்போதே வாங்கிவிட்டது. செவலைக்கு நீளக் கயிறும் வேலி போட்ட இடமும்தான் வழி. முயல் பிடிக்க விடலாமே என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.


உசிலை வாத்தியார் (உசிலம்பட்டி)

பள்ளியில் உயிரியல் எடுக்கிறேன். 2022-இல் சயன்ஸ் இதழில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. 18,000-க்கு மேற்பட்ட நாய்களைப் பற்றி வளர்ப்பவர்களிடம் கேள்விகள் கேட்டு, 2,000-க்கு மேற்பட்ட நாய்களின் டிஎன்ஏவையும் பார்த்தார்கள். நாய்க்கு நாய் இருக்கும் குண வித்தியாசத்தில் இனத்தின் பெயரைக் கொண்டு விளக்க முடிந்தது சுமார் 9 சதவீதம்தான். இன்ன சாதி, ஆகவே இன்ன குணம் என்று தனி ஒரு நாயைப் பார்த்துச் சொல்வது பலவீனமான பேச்சு.

ஆனால் செய்தியில் இதைப் படித்துவிட்டுச் சிலர் "மரபு 9 சதவீதம், மீதி 91 வளர்ப்பு" என்று எழுதினார்கள். அது தவறு. இனம் வேறு, மரபு வேறு. ஒரே இனத்துக்குள்ளேயே நாய்க்கு நாய் மரபணு மாறும். கூடப்பிறந்த குட்டிகளுக்கே மரபணுவில் சராசரியாகப் பாதிதான் பொது. அதே ஆய்விலும் பல குணங்கள் மரபு வழியாக வருவது தெரிந்தது, அவை இன எல்லைக்குள் அடங்கவில்லை என்பதுதான் விஷயம். ஆகவே கப்பலூர்க்காரர் "ஒரே தாய் தகப்பன்" என்று சொல்வதும், செல்லூர் அக்கா "தாய் ஒன்றுதானே" என்று கேட்பதும் பாதிதான் சரி.

என் மாணவர்களுக்கு மல்லிகையை வைத்துச் சொல்வேன். நம் மதுரை மல்லிக்கு நாற்று தங்கச்சிமடத்திலிருந்து வருகிறது. குச்சியை வெட்டி வேர்விட வைத்த செடிகள், விதையிலிருந்து வந்தவை அல்ல. ஒரே தாய்ச் செடியில் வெட்டிய குச்சிகளை நூறு வயலில் நட்டால், வயலுக்கு வயல் பூவில் தெரியும் வித்தியாசம் முழுவதும் மண்ணுக்கும் தண்ணீருக்கும் சேரும். அதனால் அந்த வாசனைக்கு மரபே காரணம் இல்லை என்று சொல்ல முடியுமா? அந்தச் செடியாக இருப்பதால்தானே மல்லிகை வாசனையே வருகிறது! சதவீதம் என்பது ஒரு கூட்டத்துக்குள் இருக்கிற வித்தியாசத்தை அளக்கிறது. தனி ஒரு நாயைப் பிடித்து, உன்னிடம் ரத்தம் எத்தனை, வளர்ப்பு எத்தனை என்று கூறுபோட முடியாது.


ராஜபாளையம் வைத்திருப்பவன் (திருப்பரங்குன்றம்)

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் வெள்ளை நாயை இரண்டு வருடம் "திமிர் பிடிச்சது, கூப்பிட்டா வராது, தொட்டா கடிக்கும்" என்றே நினைத்துக்கொண்டிருந்தோம். அப்பா நிறைய அடித்திருக்கிறார். கடைசியில் ஒரு தீபாவளி அன்று வாசலில் பத்தாயிரம் வாலா வெடிக்கிறது, இது திண்ணையில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருக்கிறது. அப்போதுதான் புரிந்தது, பிறவியிலேயே காது கேட்காது. அப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை. இப்போது தூங்கும்போது தரையை லேசாகத் தட்டிவிட்டுத்தான் எழுப்புவோம். அதற்குப் பிறகு ஒருதடவைகூடக் கடித்ததில்லை.


பழைய கால்நடை டாக்டர் (மதுரை)

இதை எழுதியதற்கு நன்றி தம்பி. முழு வெள்ளையும் ரோஸ் மூக்கும்தான் அழகு என்று தேர்ந்தெடுத்ததன் விலை இது. உள்காதில் நிறமிச் செல்கள் இருந்தால்தான் சத்தத்தை உணரும் செல்கள் பிழைக்கும். வெள்ளைக்காகத் தேர்ந்தபோது அந்தச் செல்களையும் சேர்த்தே இழந்துவிட்டோம். ராஜபாளையம் குட்டி எடுக்கிறவர்கள் ஐந்தாறு வாரத்தில், குட்டி தூங்கும்போது பின்னால் நின்று, காற்றோ அதிர்வோ படாமல் சத்தம் எழுப்பிப் பாருங்கள்.

அமெரிக்காவில் ஆர்கன்சாஸ் மாநிலத்தில் பாயிண்டர் நாய்களில் ஒரு பயந்த வரிசையை ஆய்வுக்காகவே வளர்த்தார்கள். ஆள் கிட்டே வந்தால் மரக்கட்டை போல விறைத்து நிற்கும். பயம் ரத்தத்திலேயே ஓடுகிறது என்பதற்கு அவற்றைத்தான் உதாரணம் காட்டுவார்கள். பல வருடம் கழித்துச் சோதித்தபோது அவற்றில் பலவற்றுக்குக் காதே கேட்கவில்லை என்று தெரிந்தது. குணம் என்று பெயர் வைப்பதற்கு முன்னால் உடம்பைப் பார்க்க வேண்டும். காது, பல், இடுப்பு வலி, தைராய்டு. கப்பலூர்த் தம்பி, உங்கள் கடுவனையும் ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.


கோம்பைக்காரன் (உத்தமபாளையம்)

நான் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். தாய் பயந்தாங்கொள்ளி என்று நான் ஒதுக்கிய ஈத்துகளில் நல்ல குட்டியும் இருந்திருக்கும். என் குட்டிகள் எல்லாம் வீட்டு வாசலில், பேரப்பிள்ளைகள் நடுவில் வளர்ந்தவை. அதையும் ரத்தக் கணக்கிலேயே எழுதிவந்திருக்கிறேன். இருந்தாலும் தாயைப் பார்ப்பதை விட மாட்டேன். தம்பி, கள்ளிக்குடித் தாய் எப்படி?


கப்பலூர்க்காரன் (திருமங்கலம்)

எல்லோருக்கும் நன்றி. அத்தைக்கு ஊசி தொடங்கிவிட்டோம். தாயைப் போய்ப் பார்த்தேன் அண்ணே. அந்நியர் வந்தால் தள்ளி நிற்கிறது, ஆனால் நடுக்கம் இல்லை. பத்து நிமிடத்தில் கிட்டே வந்து மோந்தது. டாக்டர் சார், இப்போது என்ன செய்ய?


பழைய கால்நடை டாக்டர் (மதுரை)

அந்த மூலையை அதற்கே விட்டுவிடுங்கள், யாரும் அங்கே போய் அதை மடக்கக் கூடாது. ஒரு நாளைக்கு இரண்டு வேளை, நீங்கள் ஒருவர் மட்டும், அது நடுங்காத தூரத்தில் பக்கவாட்டாக உட்காருங்கள். கண்ணைப் பார்க்க வேண்டாம், கையை நீட்ட வேண்டாம். அவித்த முட்டையோ ஈரலோ துண்டு துண்டாக அதன் பக்கம் போடுங்கள். அது கிட்டே வந்தாலும் தொடாதீர்கள். தூரத்தை அது குறைக்கட்டும். செவலையைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் செவலை எப்படி இருக்கிறது என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். டீக்கடை நாய் மாதிரி ஆகும் என்று நான் சொல்ல மாட்டேன். தாய் ஓரளவு தைரியமானது என்பது நல்ல சகுனம்.


செல்லூர் அக்கா (மதுரை)

தம்பி, வாரக்கணக்கில் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். தட்டை வைத்துவிட்டு எத்தனை அடி தள்ளி உட்காருகிறீர்கள் என்று தரையில் கரிக்கோடு போட்டு வையுங்கள். மனம் தளரும்போது அதைப் பார்க்கலாம்.


கப்பலூர்க்காரன் (திருமங்கலம்), மூன்று மாதம் கழித்து

அக்கா சொன்னபடி கோடு போட்டேன். முதல் கோடு 14 அடி. பதினோரு நாள் அதே கோடு. இப்போது கடைசிக் கோடு என் முழங்காலுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

செவலைதான் பாதி வேலையைச் செய்தது. அது என் மடியில் தலை வைத்துப் படுக்கும், கடுவன் கொட்டகைத் தூணுக்குப் பின்னாலிருந்து ஒற்றைக் கண்ணால் பார்க்கும். போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் முட்டைத் துண்டைக் கீழே போடாமல் விரித்த உள்ளங்கையில் வைத்துத் தரையோடு வைத்திருந்தேன். ரொம்ப நேரம். கால் மரத்துப்போய்விட்டது. பின்னங்கால்களை ஓடத் தயாராகப் பின்னாலேயே வைத்துக்கொண்டு, உடம்பை மட்டும் நீட்டி நீட்டி வந்து, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டே நாக்கால் எடுத்துக்கொண்டது. மூக்கு ஈரம் என் கட்டைவிரலில் பட்டது.

வீட்டில் விட்டுவிடச் சொன்னவர்கள் இப்போது கேட்பதில்லை. அத்தை திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, "இன்னைக்கு எத்தனை அடிடா" என்கிறார். அந்நிய ஆள் வந்தால் இன்னும் மூலைக்குத்தான் போகிறது. காதைச் சோதித்தோம், நன்றாகக் கேட்கிறது. செவலையைக் கயிறில்லாமல் வெளியே விடுவதில்லை, பக்கத்து வீட்டுச் சேவல்கள் உயிரோடு இருக்கின்றன.

டாக்டர் சார், ஒரு கேள்வி. எங்கள் தெருவில் அடுத்த மாதம் முளைப்பாரி, நாலு நாள் மேளமும் வேட்டும் இருக்கும். அந்த நாலு நாளைக்கு இரண்டையும் கள்ளிக்குடித் தோட்டத்துக்குக் கொண்டுபோகலாமா, இல்லை பழகிய கொட்டகையிலேயே வைத்திருப்பது நல்லதா?


பழைய கால்நடை டாக்டர் (மதுரை)

கொட்டகையிலேயே வையுங்கள். இவ்வளவு பாடுபட்டுச் சம்பாதித்த இடத்தை மாற்ற வேண்டாம். மூலையைச் சாக்கால் மறையுங்கள், மேளம் தொடங்கும்போது பக்கத்தில் மின்விசிறியை வேகமாக ஓட விடுங்கள். கூடவே செவலையும் நீங்களும் இருங்கள். கடுவன் தானாக வந்து ஒட்டிக்கொண்டால் தடவிக்கொடுங்கள், அப்போது தொடலாம்.